மணலில் அமத்திய பட்டன்

அந்தக் கார் புதுச் சில்லுகளோடு மாமனார் வீட்டு முற்றத்தில் வந்து நின்ற அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோழி ஆணமும் இறால் பொரியலும் வைத்திருந்தார்கள். இரண்டும் எனக்கு உயிர். ஆனாலும் ஒரு பிடி கூட உள்ளே போகவில்லை. அதற்குப் பொறாமை என்றுதான் பெயர். வேறு நல்ல பெயர் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையும் இல்லை, தேவையும் இல்லை.

காரை ஓட்டி வந்தவன் என் சகலன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவன். எங்கள் சிலாவத்துறையில் தோணிக்காரரிடம் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, கொழும்புக்கு ஏற்றுகிற வியாபாரம் அவனுக்கு. ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அவனுக்கு எல்லாம் ஏறுமுகம்தான். முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு சின்ன லொறி, பிறகு இந்தக் கார். பெற்றோலும் பேட்டரியும் கலந்து ஓடுகிற ஜப்பான் கார். ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே கேட்காது. என் வேனை ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறும்.

கார் வாங்கியபோதே எனக்கு ஒருமுறை எரிந்து, ஒருவாறு அணைந்திருந்தது. இப்போது அதற்கு அலோய் சில்லுகள் வேறு. அனுராதபுரம் வரை போய்ப் பழைய இரும்புச் சில்லுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பளபளவென்று நட்சத்திரம் மாதிரி விரிந்த சில்லுகளைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தான். பிள்ளைகள் எல்லாம் குந்தியிருந்து அதில் முகம் பார்த்தார்கள். மாமியும் குனிந்து பார்த்தார். இடுப்பு வலி என்று ஒரு மாதமாகக் குனியாத மாமி.

“மகன், உங்கட வேனைக் கொஞ்சம் அங்கால எடுத்து விடுங்கோ. கார் வெயில்ல நிக்குது” என்றார் என்னிடம்.

முற்றத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு வேப்பமரத்தின் கீழ்தான். அங்கே நிற்பது என் வேன். எடுத்து விட்டேன். வேன் வெயிலில் நின்றது, நான் உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை முடிந்து ஊர்ப்பக்கம் போகலாம் என்ற செய்தி புத்தளத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த முகாமுக்கு வந்தபோது, மாமாவையும் மாமியையும் முதன்முதல் ஏற்றிக்கொண்டு வந்தது அந்த வேன்தான். வீடும் வளவும் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்குக் காடு. மாமா கத்தியால் வெட்டி வெட்டி வழி எடுத்துப் போய்த் தன் கிணற்றைக் கண்டுபிடித்து, அதன் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றார். அதன் பிறகு தகரக் கொட்டில் போட்டதற்கும், வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்ததற்கும், முருங்கன் ஆஸ்பத்திரிக்கும், காணிக் கடுதாசிக்கு மன்னார் கச்சேரிக்கும், கலியாணம், செத்த வீட்டுக் கத்தம் எல்லாவற்றுக்கும் நான்தான். நடுவில் கொஞ்சக் காலம் மீள்குடியேற்ற வேலை செய்த ஒரு நிறுவனத்தில் ஜீப் ஓட்டினேன். அப்போதும் லீவு போட்டு வந்து மாமாவை ஏற்றி இறக்கினேன். எங்கே பயணம் என்றாலும் ‘மூத்த மருமகன்ட வேன்’ என்பார்கள். எந்த வேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருடம் மாமாவுக்கும் மாமிக்கும் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்தது. நெடுநாள் காத்திருந்து கிடைத்த இடம். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகிறார் என்றால் அது அவர் வீட்டுப் பயணம் மட்டும் இல்லை. ஊர் முழுக்கப் பள்ளிவாசலடியில் வந்து நிற்கும். கட்டிப்பிடித்து, ஸலாம் சொல்லி, எனக்காகவும் துஆச் செய்யுங்கோ என்று அழுது வழியனுப்பும். ஹாஜியார் முன் வாகனத்தில் போவார், சொந்தக்காரர்களின் வாகனங்கள் முருங்கன் சந்தி வரை பின்னால் போகும். யாருடைய வாகனத்தில் போனார் என்பதை ஊர் மறக்காது. இன்னாரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனது இன்னாருடைய வாகனம் என்று வருடக் கணக்காகப் பேச்சில் வரும்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மாமா என் பக்கத்து சீட்டில் இருக்க, ஊர் பார்த்திருக்க, பள்ளிவாசலடியிலிருந்து வேனை மெல்ல எடுக்க வேண்டும். அதற்காக வேனுக்குப் பெயின்ட் அடித்தேன். மன்னார் டவுனில் சீட்டுக் கவர் தைப்பித்தேன். கோழிகள் கூரையில் ஏறாமல் இருக்கச் சைலன்சரையும் மாற்றினேன். அந்த நேரத்தில்தான் இவன் நட்சத்திரச் சில்லுகளோடு வந்து நிழலில் நிற்கிறான்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரம் சகலன் என்னை இரகசியமாகக் காரடிக்குக் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் அண்ணன் முறைக்காரனைக் காக்கா என்போம்.

“காக்கா, இந்த மஞ்சள் லைட் என்ன? சில்லு மாத்தினதில இருந்து எரியுது. கடைக்காரன் சிங்களத்தில என்னவோ சொன்னான், நானும் ஓம் ஓம் எண்டுட்டு வந்திட்டன்.”

எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெட்டிய டயர் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நிறுவனத்து ஜீப்பிலும் இதுவேதான் இருந்தது. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பசித்தது.

நான் மெதுவாக, நன்றாக நிமிர்ந்து நின்று, விளக்கம் கொடுத்தேன். ஒவ்வொரு சில்லுக்குள்ளும், காற்று அடிக்கிற வால்வின் அடியில், பெருவிரல் அளவில் ஒரு சென்சர் இருக்கிறது. டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய சில்லில் இருந்த சென்சர்களைக் கடைக்காரர் கழற்றிப் புதுச் சில்லுகளில் பூட்டியிருக்கிறார். ஆனால் புது டயருக்கு எது சரியான காற்று என்று காருக்கு இன்னும் தெரியாது. நாம்தான் படிப்பிக்க வேண்டும்.

“முதல்ல நாலு டயருக்கும் சரியான அளவுக்குக் காத்தடி. ஓட்டம் இல்லாம, டயர் சூடில்லாம இருக்கேக்க அடி. அதுக்குப் பிறகுதான்...”

அவனுடைய போன் அடித்தது. மீன்காரன் போன் என்றால் உம்மா கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். “பாரை மீனா? எவ்வளவு வரும்? ஐஸ் இருக்கா?” என்று முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். திரும்பி வந்து, “ஓம் காக்கா, பிறகு?” என்றான்.

“ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சின்னப் பட்டன் இருக்கு. அதை அமத்திப் பிடி. மஞ்சள் லைட் மூன்று தரம் மின்னும். அதோட சரி, கார் பாடமாக்கிக்கொள்ளும்.”

“அவ்வளவுதானா? பட்டனை அமத்துறது, மூன்று மின்னல்.”

“காத்தடிச்சுப்போட்டு” என்றேன்.

“ஓம் ஓம்” என்றான். போன் மறுபடி அடித்தது. கார் சத்தமில்லாமல் முற்றத்தை விட்டுப் போனது. வேப்பமர நிழல் வெறுமனே கிடந்தது. நான் வேனைத் திருப்பி அங்கே விடவில்லை. ரோசம்.

அடுத்த நாள் மாமா வீட்டில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தான். “செய்துட்டன் காக்கா! மூன்று தரம் மின்னிச்சு, லைட் போயிட்டுது” என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். மாமியின் பக்கம் திரும்பி, “இனிப் பயமில்ல மாமி. எந்த டயர்லயாவது காத்துக் குறைஞ்சா கார் தானே சொல்லும்” என்றான்.

படிப்பித்தவன் நான். அந்தப் பேச்சே அவன் வாயில் வரவில்லை.

“அல்லாஹ்! கார் சொல்லுமா?” என்று மாமி நெஞ்சில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்கட வேன் சொல்லுமா மகன்?”

“என்ட வேன் சொல்லாது மாமி. நான்தான் டயரைக் காலால தட்டிப் பாத்து அதுக்குச் சொல்லுவன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா மட்டும் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தக் கிழமையே முடிவு வந்தது. என் மனைவி உடுப்பு மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “இஞ்சேருங்கோ. வாப்பாவும் உம்மாவும் ஏர்போர்ட்டுக்குக் கார்லதான் போகினமாம்.”

“ஆர் சொன்னது?”

“வாப்பாதான் சொன்னவர்.”

எழும்பிப் போய் வேனின் கதவைத் திறந்து, புதுச் சீட்டுக் கவர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினேன். அவள் வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“அந்தக் கவர் உங்களுக்கு என்ன செய்தது?” என்றாள்.

கவர் ஒன்றும் செய்யவில்லை. எல்லோர் மேலும் எரிந்தது. மாமி மேல், கார் மேல், நட்சத்திரச் சில்லுகள் மேல், காரை ஓட்டுகிறவன் மேல். ஆனால் எல்லாவற்றையும்விட மாமா மேல்தான். கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தவரைத் தோளில் கை போட்டு எழுப்பி வந்தவன் நான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி முடிவெடுப்பார்? இரண்டு நாள் மாமா வீட்டுப் பக்கமே போகவில்லை.

அந்த நாட்களில்தான் மாமா பொருத்தம் கேட்கக் கிளம்பினார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகுமுன் பழகியவர்கள் எல்லோரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் தன்னால் நடந்த குறைகளைப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அது தீராமல் போகக்கூடாது என்பது எங்கள் நம்பிக்கை. மாமா இதைச் சும்மா சடங்காகச் செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கி, எல்லைத் தகராறில் கதைக்காமல் விட்ட ஆளிடம் போனார். முருங்கனில் நெல்லுக் கடை வைத்திருந்த ஐயாவிடம் போனார். பெரியமடுவில் குடியேறியிருந்த பழைய கூட்டாளியிடமும் போனார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கோ” என்பார். அவர்கள் அழுவார்கள், இவரும் அழுவார்.

என்னிடமும் வருவார் என்று தெரியும். அதனால் நான் வீட்டில் இல்லை.

தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி ஹயர் போனேன். மன்னாருக்குச் சீமெந்து ஏற்றப் போனேன். ஒரு நாள் ஒரு காரணமும் இல்லாமல் அரிப்பு ஊரின் கடற்கரையில் வேனை நிறுத்திவிட்டுச் சோளகக் காற்றில் படுத்துக் கிடந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலைப்பளு வந்ததே இல்லை. சகலனிடம் கார் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சொல். அந்தச் சொல் இல்லாமல் மாமாவுக்கு மனம் நிறைந்து பயணம் போக முடியாது. அவர் எத்தனை தரம் வந்து என் வீட்டுப் படலையைத் திறந்து மூடினாலும் அது கிடைக்காது என்று நினைக்க நினைக்க எனக்கு இனித்தது. உண்மையாகவே இனித்தது.

“வாப்பா வந்து வந்து பாத்திட்டுப் போறார்” என்றாள் மனைவி. “மனிசன் நொண்டி நொண்டி வாறார். உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?”

“நாளைக்கு இருப்பன்.”

“நாளைக்கு அவர் போறார்.”

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வரும்போது ஊர் பள்ளிவாசலடியில் கூடிவிட்டது. கார் முன்னால் நின்றது. கழுவித் துடைத்து, சில்லுகள் மின்ன நின்றது. பெரிய சூட்கேஸ்கள் இரண்டும் பின்னால் ஏறியாயிற்று. மாமியும் மனைவியின் தங்கையும் பின் சீட்டில். மாமா எல்லோரையும் கட்டிப்பிடித்து முடித்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் வேனைப் பின்னால் விட்டுவிட்டு, சனத்துக்குப் பின்னால் நின்றேன். முருங்கன் சந்தி வரை வழியனுப்ப வருகிற ஆட்களை ஏற்ற வேன் வேண்டுமாம். அதற்கு மட்டும் என்னைத் தேடியிருந்தார்கள்.

எனக்குக் காரின் மேல் பகுதியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் கீழே பார்த்தேன். டயர்கள் சரியில்லை.

நாலு டயரும் நிலத்தில் பரவிக்கொண்டு நின்றன. பின்னால் இரண்டும் பக்கங்கள் பிதுங்கி, தரையில் அமர்ந்தே விட்டன. ஊரே சில்லின் பளபளப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது, அதைச் சுற்றியிருந்த ரப்பரை ஒருவரும் பார்க்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு போய் சாரதிப் பக்கக் கண்ணாடிக்குள் தலையை விட்டேன். மஞ்சள் லைட் இல்லை.

“டேய், அந்தப் பட்டனை நீ எங்க வச்சு அமத்தினனீ?” என்று கேட்டேன்.

“வாடியிலதான் காக்கா” என்றான் சகலன். “அண்டைக்கு மீன் வந்திருந்ததே. மணல்ல இறங்கிறதுக்குக் காத்தைத் திறந்து விட்டனான். லைட் எரிஞ்சுகொண்டே இருந்தது. நீங்க சொன்னது ஞாபகம் வந்தது, அங்கேயே வச்சு அமத்தினன். போயிட்டுது.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடற்கரையில் மீன் இறக்குகிற வாடிக்குப் போகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். இறுக்கமான டயர் மணலில் புதையும் என்று பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஓட்டுவோம், தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிப்போம். இவன் காற்றை இறக்கிய டயரோடு பட்டனை அமத்தியிருக்கிறான். இதுதான் சரியான காற்று என்று கார் நம்பிவிட்டது. பிறகு லைட் எரியவில்லை என்பதால் திரும்பக் காற்றடிக்க வேண்டும் என்ற நினைப்பே இவனுக்கு வரவில்லை. ஊர் ரோட்டில் மெல்லப் போய் வந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இப்போது நாலு உயிரின் பாரம் ஏறியிருக்கிறது, இரண்டு சூட்கேஸ், முருங்கனுக்கு அப்பால் வழுவழுவென்று புதுக் கார்ப்பெட் ரோட்டில் வேகம், சோளகத்து வெயில். மதவாச்சி போகுமுன் டயர் கொதித்துக் கிழியும்.

இந்த இடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்கப் போவதில்லை. நெஞ்சு பதறியது உண்மை. அதற்கு மேலால் ஒரு சந்தோஷம் குதித்துக்கொண்டு வந்ததும் உண்மை. மாமா இறங்குவார். இறங்கி என் வேனில் ஏறுவார். ஊர் பார்த்திருக்க ஏறுவார்.

“இந்தக் கார் போக ஏலாது!” என்று பள்ளிவாசலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். “டயர்ல காத்தில்ல!”

எல்லோருடைய கண்ணும் என் மேல். அந்தக் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மூத்த மருமகனுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் இருந்தது.

“லைட் எரியேல்லையே காக்கா” என்றான் சகலன். “குறைஞ்சா கார் சொல்லும்தானே?”

“போற நேரத்தில ஏன் மகன் இப்படி?” என்றார் மாமி உள்ளிருந்து, அழுகிற குரலில்.

வேனுக்கு ஓடிப்போய்க் காற்று அளக்கிற கேஜை எடுத்து வந்து ஒவ்வொரு வால்விலும் வைத்தேன். முப்பத்திரண்டில் நிற்க வேண்டிய முள் பதினெட்டில் நின்றது. பின் டயரில் அதற்கும் கீழே. தூக்கிச் சுற்றிக் காட்டினேன். சகலனின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் “அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்குக் கண்டது” என்றார். நான் போய் வேனின் முன் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து நின்றேன். அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

மாமா காரிலிருந்து இறங்கினார். மெல்ல நடந்து வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்களிட்டப் பம்ப் இருக்கா மகன்?”

“இருக்கு மாமா.”

“அப்ப அடிச்சு விடுங்கோவன்.”

காலால் மிதிக்கிற பம்ப் அது. எடுத்து வந்து முதல் டயரின் வால்வில் பூட்டி மிதிக்கத் தொடங்கினேன். சகலன் ஓடி வந்து, “விடுங்க காக்கா, நான் மிதிக்கிறன்” என்றான். “தள்ளு” என்றேன். தள்ளி நின்றான். அவனுடைய காருக்கு, அவனுடைய நட்சத்திரச் சில்லுக்கு, நான் மிதித்தேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. வேர்வைதான்.

யாரோ ஒரு கதிரையைக் கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட, மாமா அதில் உட்கார்ந்தார். சனம் மரியாதைக்குக் கொஞ்சம் விலகி நின்றது.

“மகன். நான் தேடித் தேடி வந்தனான், நீங்க வீட்டில இல்ல. தெரிஞ்சோ தெரியாமலோ என்னால உங்களுக்கு ஏதும் குறை நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கோ.”

எல்லோரிடமும் சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு அது போதவில்லை. மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டேன்:

“தெரிஞ்சு செய்ததைக் கேக்கிறன் மாமா. ஏன் கார்? இவ்வளவு காலமும் நான்தானே?”

“சின்னவர் வந்து கேட்டவர்.”

“என்ன கேட்டவன்?”

“மாமா, என்ட கார்ல வாறீங்களா எண்டு கேட்டவர். பக்கத்தில வந்திருந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவர்.” மாமா தன் கைகளைப் பார்த்தார். “மூத்தவர் கேப்பார் எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஹஜ்ஜுக்குப் பேர் வந்த நாளில இருந்து பாத்தனான். வேனுக்குப் பெயின்ட் அடிச்சீங்க, கவர் தைச்சீங்க, எல்லாம் மற்ற ஆக்கள் சொல்லித்தான் தெரியும். நீங்க வந்து ஒரு சொல்லுக் கேக்கேல்ல.”

“நான் கேக்கவும் வேணுமா மாமா?”

“வேணும் மகன். எனக்கும் ஆசை இருக்கும்தானே, ஒராள் வந்து கேக்கவேணும் எண்டு.”

பம்பில் கால் நின்றுவிட்டது. பிறகு மிதித்தேன். இரண்டாவது டயர், மூன்றாவது டயர், நாலாவது டயர். ஒவ்வொன்றையும் கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்து முப்பத்திரண்டுக்குக் கொண்டு வந்தேன். சகலனைக் கூப்பிட்டுச் சாரதி சீட்டில் இருத்தி, பட்டனை அமத்தச் சொன்னேன். மஞ்சள் லைட் ஒன்று, இரண்டு, மூன்று என்று மின்னி அணைந்தது.

“இனிக் குறைஞ்சாச் சொல்லும்” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் காக்கா” என்றான். அவன் தலை குனிந்ததைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மாமா எழும்பி வந்து, அழுக்கும் புழுதியுமாக இருந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெள்ளை ஜுப்பாவின் கை நுனியில் கறுப்புப் பட்டது. அவர் கவனிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

“மாமா, திரும்பி வரேக்க நான் வந்து கூட்டிக்கொண்டு வரட்டா?” என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தரம் அவரிடம் கேட்டேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மாமாவின் முகம் மாறியது. “அதையும் சின்னவர் நேத்தே கேட்டிட்டார் மகன்” என்றார் மெதுவாக.

அவர் என் கையை விடவில்லை. அவருக்கு வேண்டியது இன்னும் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“பொருந்தினன் மாமா” என்றேன். “முழு மனசோட பொருந்தினன்.”

“சின்னவரையும்?”

“ஹஜ்ஜுக்குப் போறது நீங்கதானே மாமா, அவனில்லையே?”

மாமா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, வழியனுப்புகிறவர்களின் அழுகைகளுக்கு நடுவில், வாய் விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் காரில் ஏறினார்.